பதினான்காம் முனை

கலிஸ்டோவில் கண் விழித்ததும் முதல் வேலை சுவரைத் தட்டுவது. "காற்று இருக்கா?" என்று கேட்க வேண்டும். "இருக்கு" என்று சுவர் சொன்ன பிறகுதான் பல் தேய்ப்பது, காப்பி, மற்றதெல்லாம். கேட்காமல் எழுந்து ஓடும் பிள்ளைகளை அம்மாக்கள் அதட்டுவார்கள். வியாழனைச் சுற்றும் அந்தத் துணைக்கோளில், பனிக்கட்டிக்கு அடியில் குடியேறிய மக்களுக்கு இது பழகிப்போய்விட்டது. கேள்வி கேட்பது மட்டும் தொடர்ந்தது. பதிலைக் காதில் வாங்கும் வழக்கம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

ஒன்பதாம் தெருவின் சுவர்கள் பதினோரு வருடமாக "இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் சந்தனமாரியின் ஆறு வயது மகள் இதழி மூன்று வாரமாகத் தலையைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். விளையாடக் கூப்பிட்டால் "தூக்கம் வருதும்மா" என்றாள். மருத்துவப் பொறி நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னது. சந்தனமாரி அதை நம்பவில்லை. கருவியியல் பொறியாளர் அவள். சுவரின் பதில் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவள்.

தெருவின் காற்றை அளக்கப் பொருத்திய ஒவ்வொரு உணரியிலிருந்தும் கம்பிகள் கிளம்பி ஓர் இரும்புப் பெட்டிக்குள் வந்து சேரும். உள்ளே முனைப்பட்டை என்று ஒன்று. அதில் வரிசையாகத் திருகு முனைகள். ஒவ்வொரு முனையிலும் இடப்பக்கம் உணரியின் கம்பி, வலப்பக்கம் கட்டுப்பாட்டு மூளைக்குப் போகும் கம்பி. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. இருந்த இடத்திலிருந்தே இணைப்புக்காட்டி என்ற மென்பொருளில் பார்த்துவிடலாம். திரையில் இருப்பதே உண்மை என்பது குடியிருப்பின் சட்டம். பெட்டிக் கதவைத் திறக்க ஏழு பேர் ஒப்புதல் வேண்டும். ஏழு பேரும் திரையைப் பார்த்துவிட்டு, எதற்கு வீண் வேலை என்பார்கள்.

அன்று காலை சந்தனமாரி ஒன்பதாம் தெருவின் முனைப்பட்டையைத் திரையில் விரித்தாள். நாற்பது முனைகளும் பச்சை. பதினான்காம் முனையில் கரியமிலவாயு உணரி; அதுவும் பச்சை. ஒவ்வொரு முனைக்கும் எதிரே அதில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு; உணரி அளப்பது கூடினால் இதுவும் கூடும். மற்ற எண்களின் கடைசி இலக்கம் நிலைகொள்ளாமல் மாறிக்கொண்டிருந்தது. பதினான்கில் மட்டும் 6.20. அரை மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தாள். 6.20தான்.

"பதினாலாம் முனையில என்ன மாட்டியிருக்கு?" என்றாள்.

"வரைபடத்தின்படி உணரியின் கம்பி" என்றது இணைப்புக்காட்டி.

"நான் வரைபடத்தைக் கேக்கல. பெட்டியில என்ன இருக்கு?"

"வரைபடத்தில் இருப்பதே பெட்டியிலும் இருப்பதாகக் கொள்ளப்படும்."

பாதுகாப்புத் தலைவர் கிருபாகரனிடம் போனாள். நல்ல மனிதர்தான். எந்தக் கேள்விக்கும் ஒரு கூட்டம் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நம்புகிறவர்.

"பச்சையாத்தானேம்மா இருக்கு? எண் அசையலன்னா காற்று சீரா இருக்குன்னு அர்த்தம்."

"நூத்தி நாப்பது பேர் மூச்சு விடற தெரு சார். கூடும், குறையும். அசையாம கிடக்கிறது பொணம் மட்டும்தான்."

"மனு குடுங்க. இருபது நாள்ல கூட்டம் வருது, பாத்துடலாம்."

"அதுவரைக்கும் எம்பொண்ணு மூச்சை அடக்கிட்டு இருக்கணுமா?"

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். "ஏம்மா, வேலை போயிடும்!" என்று அவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"போனா போகட்டும் சார்."

தெருமுனையில் இருந்த பெட்டியின் கதவு பிடிவாதமாக இருந்தது. அவள் அதைவிடப் பிடிவாதமாக இருந்தாள். கதவு திறந்ததும் கண்ணில் பட்டது பதினான்காம் முனைதான். உணரியின் கம்பி கழற்றப்பட்டு, நுனியில் ஒட்டுநாடா சுற்றி ஓரமாகத் தொங்கியது. அதன் இடத்தில் நகம் அளவு ஒரு போலிச் சில்லு. எது நடந்தாலும் 6.20 என்று மட்டும் சொல்லத் தெரிந்த சில்லு. அதில் ஒரு சீட்டு கட்டியிருந்தது.

'தற்காலிகம். ஒரு மணி நேரத்துக்கு மட்டும். திறப்பு விழா முடிந்ததும் கழற்றவும்.'

கீழே கையெழுத்து. சந்தனமாரி.

அவளுடைய கையெழுத்தேதான். பதினோரு வருடத்துக்கு முன்பு பயிற்சிக்கு வந்த புதிது. தெருத் திறப்பு விழாக் கூட்டத்தின் மூச்சில் அபாயச் சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. விருந்தினர் முகம் சுளித்தார். யாரோ அதை வாய் மூட வைக்கச் சொன்னார்கள். மூட வைத்தாள். அத்தனை பேரும் கெட்டிக்காரி என்று பாராட்டினார்கள். பிறகு லட்டு கொடுத்தார்கள். அதோடு மறந்துபோனாள்.

கிருபாகரன் சீட்டைப் படித்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"நல்லவேளை, வேற யாரும் பாக்கல. இந்தச் சில்லையும் வரைபடத்துல ஏத்திடுவோம். உங்க பேரும் வெளிய வராது."

"சேர்க்கலாம்" என்றது அவர் கைத்திரையில் இணைப்புக்காட்டி. "சேர்த்தால் திரைக்கும் பெட்டிக்கும் உள்ள முரண்பாடு தீர்ந்துவிடும்."

சந்தனமாரிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பாதி அவர் மேல், பாதி தன் மேல்.

"வெளிய வரட்டும் சார். எழுதினது நாந்தானே?"

சில்லைத் திருகிக் கழற்றினாள். தொங்கிய கம்பியின் ஒட்டுநாடாவைப் பிரித்து முனையில் மாட்டினாள். கைத்திரையில் எண் நடுங்கியது, ஏறியது, சிவந்தது. தெரு முழுக்கச் சங்கு அலறியது. ஒன்பதாம் தெருவின் சுவர்கள் முதல் முறையாக, யாரும் கேட்காமலே, "இல்லை" என்றன.

இயந்திரங்கள் அடைத்துப்போன வடிகட்டிகளை மாற்றக் கிளம்பின. ஆறு மணி நேரம் ஆகும். அதுவரை மக்களை எட்டாம் தெருவுக்குப் போகச் சொன்னார்கள். இதழியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டு, சந்தனமாரி திரும்பி வந்து பெட்டிக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் தெருச் சங்கத் தலைவர் செல்வின், தெருவை விட்டுக் கிளம்பாத ஒரு கூட்டத்தோடு வந்தார்.

"பதினோரு வருஷம் ஒரு தொந்தரவு இல்ல. யாரு இதைத் தொட்டது? முதல்ல சத்தத்தை நிறுத்தும்மா, தலை வலிக்குது."

"எப்ப இருந்து அண்ணாச்சி வலிக்குது?"

"ஒரு மூணு வாரமா. இன்னிக்கு இந்தச் சத்தத்தால ரொம்ப ஜாஸ்தி."

பின்னால் நின்றவர்களும் நெற்றியைத் தேய்த்தபடி ஆமாம் என்றார்கள். செல்வின் ஒரு மனுவை நீட்டினார். அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சங்கை நிறுத்தக் கோரிக்கை. தற்காலிகமாக, ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.

"சங்கை நிறுத்த மட்டும் பொறியாளர் ஒருத்தர் போட்டா போதுமாம். நீங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று பேனாவையும் நீட்டினார்.

சந்தனமாரி எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அதை நான் பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே போட்டுட்டேன் அண்ணாச்சி."