கையில் எடுத்துக் காட்ட முடியாதவை

இந்தக் காலத்தில் வயசானால் போதும், உடனே சோதனை. விரலை மடக்கு, நாக்கை நீட்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்லு. பெற்றவளுக்கே பிள்ளைகள் மார்க்கு போட்டுப் பார்க்கிற காலம். லாரி மெக்கானிக்காக உழைத்து ஓய்ந்த கிழவருக்கு அதை நினைத்தாலே வயிறு எரியும். அன்று சாயங்காலமும் கூடத்தில் உட்கார்ந்து அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மாடிப்படிக்குக் கீழே பூனைக்குட்டிகள் கத்துவது அவர் கவனிக்காமலே நின்றுபோயிருந்தது.

பிறந்த நாளிலிருந்து ஓயாத கத்தல் அது. இப்போது குழாய் சொட்டுவது கேட்டது, பக்கத்து வீட்டுக்காரன் செருப்பைத் தேய்த்து நடப்பது கேட்டது, சுவருக்குள் ஏதோ பூச்சி அரிப்பதுகூடக் கேட்டது. குட்டிகள் மட்டும் கேட்கவில்லை. தாய்ப்பூனை தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தார். ஆனால் அது வாசலில்தான் படுத்துக் கிடந்தது.

காலையில்தான் மனைவியை ஆஸ்பத்திரிக்கு, ஞாபக சோதனைக்குக் கூட்டிப் போய் வந்திருந்தார். அங்கே ஒரு பெண் சில சொற்களை வாசிப்பாள். கேட்டதும் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு வெளியே காக்க வைத்து, மறுபடி கூப்பிட்டுக் கேட்பாள். தேறாவிட்டால் அம்மாவைக் காப்பகத்தில் சேர்த்துவிடுவதாக மகன் சொல்லியே விட்டான்.

ஒவ்வொரு தடவையும் அதே சொற்கள்தான். கிழவர் அதைப் பிடித்துக்கொண்டார், வீட்டிலேயே பாடம் நடத்தினார். கரண்டி, பூட்டு, வாளி, கயிறு. ஒவ்வொன்றையும் அவள் கையில் கொடுத்து, "இது என்ன? சொல்லு" என்று கேட்டு மனசில் ஏற்றினார். இரக்கம், பொறுமை, கூச்சம் என்றும் சில இருந்தன. அது என்ன நட்டா, போல்ட்டா? கையில் எடுத்துக் காட்ட முடியாததை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? விட்டுவிட்டார்.

இன்று காலை, காத்திருந்து உள்ளே திரும்பியதும் மனைவி பொருட்களை எல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். மற்றவற்றைக் கேட்டதற்கு, "அதெல்லாம் நீ சொல்லவே இல்லையே பாப்பா" என்றாள்.

"கண்ணால பாக்குற பொருளோட பேருதான் நிக்கும்யா" என்றாள் அந்தப் பெண். "மத்தது நேரம் ஆக ஆக நழுவிடும். எல்லாருக்கும் உள்ளதுதான். அம்மாவுக்கு ரொம்ப வேகமாப் போகுது. சொல்லு போனா அதோட அந்தக் குணமும் போயிடலாம். தனியா மட்டும் விடாதீங்க."

"சொல்லுதானே போகுது? போனாப் போகட்டும். அதை வச்சு என்ன நாக்கு வழிக்கவா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மகனுக்குப் போன் போட்டு, "உங்கம்மா பாஸுடா" என்று அளந்துவிட்டார் கிழவர்.

இப்போது எழுந்து போய்ப் படிக்குக் கீழே குனிந்து பார்த்தார். அட்டைப்பெட்டி காலி. உள்ளே விரித்திருந்த பழந்துணியில் சூடு மட்டும் லேசாக மிச்சம் இருந்தது. குளியலறைப் பக்கமிருந்து நனைந்த ரோமத்தின் வாடை வந்தது. கதவு திறந்திருந்தது. மனைவி முக்காலியில் உட்கார்ந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"சத்தம் போட்டுச்சுங்க."

"அதுக்கு?"

"வாளி இருந்துச்சு."

வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

"உனக்குப் பாவமா இல்லையாடி?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அலமாரியை ஒரு தரம் பார்த்தாள், பரணைப் பார்த்தாள். "பாவமா? அதை எங்கங்க வச்சோம்?"

கூடத்துக்கு வந்து போனை எடுத்தார். மகன் பெயர் வந்தது. அழுத்தினால் விடிவதற்குள் வந்து அவளை அள்ளிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் இவருக்கு? போனைக் கவிழ்த்து வைத்தார்.

அப்போது இருமல் வந்தது. டீசல் புகை குடித்த நெஞ்சு, பொழுது சாய்ந்தால் இருமும். அடக்கப் பார்த்தார். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர இருமிவிட்டு நிமிர்ந்தார்.

அவள் கூடத்து வாசலில் நின்றிருந்தாள். தலையைச் சாய்த்து, கேட்டுக்கொண்டு.

"நீங்களும் ரொம்பச் சத்தம் போடுறீங்க."

கோபமே இல்லை. குழாய் ஒழுகுது என்று சொல்வதுபோல.

"சரி, சரி. போய்ப் படு" என்றார். முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கையறைக்கு நடந்தார். ஒரு சொல் மறந்தால் மனுஷி மாறிவிடுவாளா? படித்தவர்கள் ஆயிரம் உளறுவார்கள். இருமும்போதெல்லாம் இவர் நெஞ்சைத் தடவிவிட்ட கை அது. அந்தக் கைக்குத் தெரியாதா? அவர் நம்பவில்லை.

பின்னால் ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது.

நடந்தார். மறுபடி இருமல். விழுங்கினார்.

இன்னொரு ஜன்னல். கொக்கி விழுந்தது.

நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

தரையில் ஈரக் கால்களின் ஓசை. அவசரமே இல்லாமல். அடுத்த ஜன்னல். தெருச் சத்தம் முழுக்க அடங்கிவிட்டது. வீட்டுக்குள் அவர் மூச்சு மட்டும் பெரிதாக இரைந்தது.

திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.