முகமூடிக்குள் தொலைந்த தங்கம்

காலை பத்து மணிக்கு, ஆறு அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தங்கம் வேலையை நிறுத்திவிட்டது.

தீயணைப்பு ஆட்களுக்கு முகமூடி செய்யும் ஆலை அது. புகையோடு மணமில்லாமல் வந்து ஆளை முடித்துவிடும் கார்பன் மோனாக்சைடை, முகமூடியின் டப்பாவுக்குள்ளேயே ஆபத்தில்லாத வாயுவாக மாற்றிவிட ஒரு பொடி செய்திருந்தார்கள். டைட்டானியம் ஆக்சைடு மாவின் மேல், கண்ணுக்கே தெரியாத துகள்களாகத் தங்கம். வாயுவைத் திறந்தார்கள். உள்ளே போன விஷம் போனபடியே வெளியே வந்தது. கருவி அலறியது. அதிகாரிகள் தேநீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததே இல்லை.

மேலாளர் டப்பாவை அப்படியே அரக்கு வைத்து மூடிவிட்டுப் போலீசைக் கூப்பிட்டார்.

மழையில் நனைந்து இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். அவருடைய களைப்பு ஊரறிந்தது. அவர் உள்ளே நுழைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் நிழல் வரும். வந்ததும் நாற்காலி தேடும்.

"குடையைக் குடுங்க சார். இங்க ஈரம் ஆகாது," என்று வாசலிலேயே வாங்கிக்கொண்டு போனார் சோதனைப் பிரிவின் தலைவர். இதே வேலைக்குக் கருப்புப் பொடி அடைத்த பழைய முகமூடிகளோடு முப்பது வருடம் வாழ்ந்தவர். பொடியைச் செய்த ஆராய்ச்சிக்காரிக்குப் பெரியப்பா. அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைப் பிழிந்து, மூலையில் இருந்த இரும்புப் பெட்டியின் மேல் விரித்தார்.

"அது மின் உலை சார். பரவாயில்ல, இந்த வாரம் யாரும் போடல," என்றார் மேலாளர். "விஷயம் சுலபம். பொடிக்குத் தங்கம் கலந்த உப்பு வாங்கினது அந்தப் பொண்ணு. தங்கத்தை அமுக்கிட்டு வெறும் மாவைக் குடுத்திருக்கா. கூட்டிட்டுப் போங்க."

அவள் சுவரோடு நின்றாள். அழுது முடித்துவிட்ட முகம்.

"ஏம்மா, பொடி யார்கிட்ட இருந்துச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் என்கிட்ட சார். அப்புறம் பெரியப்பாகிட்ட குடுத்தேன்."

"டப்பாவை அடைச்சது?"

"அவர்தான். நான் காலைல வரும்போது மூடியாச்சு."

திரும்பி வந்த பெரியப்பா தரையைப் பார்த்தபடி பேசினார். "நான் கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டேன் சார். என் பக்கம் குறையே கிடையாது. அப்ப குறை பொடியிலதான். எங்க குடும்பத்துல இப்படி ஒருத்தி."

"பெரியப்பா, நீங்களுமா?"

அவர் மேசைமேல் இன்ஸ்பெக்டர் சிந்திய இரண்டு சொட்டுத் தண்ணீரைத் துடைத்தார். துடைத்த துணியை உதறிக் காயப்போட்டார்.

இன்ஸ்பெக்டர் ஒரு கொட்டாவி விட்டார். அது முடிய நேரமாயிற்று.

"வெறும் மாவு என்ன நிறம்மா?"

"சுத்த வெள்ளை சார்."

"நீ குடுத்தது?"

"லேசான சாம்பல்."

"டப்பாவை உடைங்க."

அரக்கை உடைத்து ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினார்கள். திராட்சைத் தோல் நிறத்தில், நல்ல ஊதாவாகக் கிடந்தது பொடி. அவள் பார்த்தாள். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தங்கம் இதுலதான் சார் இருக்கு. மொத்தமும்."

"பின்ன ஏன் வேலை செய்யல?"

"சூடு பட்டிருக்கு. துகள் ரொம்பச் சின்னதா இருந்தாத்தான் வேலை செய்யும். சூடு ஏறினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெருசாயிடும். அப்புறம் சும்மா உக்காந்திருக்கும்."

"எங்க இலாகாவுலயும் அப்படித்தான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

எழுந்துபோய்க் கைக்குட்டையை எடுத்தார். மொடமொடவென்று, இஸ்திரி போட்டதுபோல் காய்ந்திருந்தது. அதை மேலாளரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"யாரும் போடாத உலை, ஆனா இன்னும் சூடு இருக்கு. நான் வந்து அரைமணி ஆகல. வாசல்ல குடை, மேசைல ரெண்டு சொட்டு, இவருக்கு ஈரத்தைப் பாத்தா கை சும்மா இருக்காது. ஐயா, ராத்திரி பொடியைக் காய வச்சீங்களா?"

"ஆமா சார்," என்றார் பெரியப்பா, சாதாரணமாக.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்தார்.

"அதை ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே. சாப்பிடுறதுக்கு முன்னாடி கை கழுவினேன்னு யாராவது வாக்குமூலம் குடுப்பாங்களா? கருப்புப் பொடிக்கு ஈரம் எமன் சார். காய வைக்காம டப்பா அடைச்சா ஆள் செத்துடுவான். முப்பது வருஷமா ஒரு டப்பாகூடத் தப்பாப் போனதில்ல."

"நிறம் மாறுச்சே?"

"நல்லா காஞ்சதாலதான்னு சந்தோஷப்பட்டேன்."

"எவ்வளவு சூடு வச்சீங்க?"

பெரியப்பாவின் குரல் முதல் தடவையாகத் தடுமாறியது. "கருப்புப் பொடிக்கு வைக்கிறதைவிட ரெண்டு மடங்கு. நம்ம பொண்ணோட பொடியாச்சேன்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பெரியப்பா, இதுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் நல்லா வேலை செய்யும். உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"ஈரமா?" என்றார் அவர், யாரோ இறந்த செய்தியைக் கேட்டவர்போல. பிறகு, "உன்னைத் திருடின்னு சொல்லிட்டேனேம்மா," என்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஊதாப் பொடியைத் தாளோடு மடித்தாள். "அதிகாரிங்களைத் திரும்பக் கூப்பிடுங்க சார். புதுப் பொடி செய்யப் பத்து நாள் ஆகும். பெரியப்பா, நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க. ஆனா எதையும் தொடக்கூடாது."

மேலாளர் புகார்த் தாளைக் கிழிக்கலாமா என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார், பேச அவரிடம் தெம்பு மிச்சமில்லை. கிளம்பும்போது பெரியப்பா ஓடிப்போய்க் குடையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சொட்டுத் தண்ணீர் இல்லாமல், கம்பிகூடச் சுடச்சுடக் காய்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அதை ஒருமுறை பார்த்தார். விரித்துக்கொண்டு கொட்டும் மழையில் இறங்கினார்.