கழுத்து நிற்காத கேமரா

கேமரா மறுபடியும் தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

காலையில் அவன் கடைக்குக் கிளம்பியபோது கேட்டைப் பார்த்து நிமிர்ந்துதான் நின்றது. இப்போது பட்டன் மூட்டைகளுக்கும் ஜிப் கட்டுகளுக்கும் நடுவில் உட்கார்ந்து போனில் பார்த்தால் கேட்டைக் காணோம். செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டும் அதற்குப் பக்கத்தில் ஒரு சாண் தரையும்தான் தெரிந்தன. கேட்டுக்கு வைத்த காவல் செருப்புக்குக் காவல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். சிரிப்பு வரவில்லை. தரை ஈரமாக இருந்தது. அன்று இன்னும் மழையே ஆரம்பிக்கவில்லை.

சந்தையில் அவனுக்கு அரைவிலை என்று பேர். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. அவன் தலை தெரிந்தாலே கடைக்காரர்கள் விலையை இரட்டிப்பாக்கிச் சொல்வார்கள், பிறகு வயிற்றில் அடித்துக்கொண்டு பாதிக்கு இறங்குவார்கள். அவனும் ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குப் போவான். இரண்டு பக்கமும் திருப்தி.

கேமரா வாங்க வைத்தது பக்கத்துத் தெரு தையல்காரம்மா. அவனிடம்தான் பட்டனும் நூலும் வாங்குவாள். ஒரு சாயங்காலம் விளக்குப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவளை யாரோ சுத்தியலால் அடித்திருந்தார்கள். தாடை கழன்று காதுப் பக்கம் போய்விட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தையல் மிஷினின் சக்கரத்தில் முடி சுற்றியிருந்ததாம். அடுத்து, ஓய்வுபெற்ற தபால்காரரும் அவர் மனைவியும். அவர்கள் வீட்டுக் கூடத்தைக் கழுவியவர் மறுநாளே அந்த வேலையை விட்டுவிட்டார். இரண்டு வீட்டிலும் பூட்டு உடையவில்லை, தாழ்ப்பாள் நெளியவில்லை. உள்ளே இருந்தவர்களே கதவைத் திறந்திருந்தார்கள். ஒரு பொருளும் காணாமல் போகவில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் அரைவிலையின் தூக்கத்தைக் கெடுத்தது. திருடன் என்றால் அவனுக்குப் புரியும். ஒன்றை வேண்டி வருகிறவனோடு எப்படியும் பேரம் பேசலாம். எதையுமே எடுக்காமல் போகிறவனிடம் என்ன பேசுவது?

மனைவி ஒரே பிடியாகப் பிடித்ததால் கேமரா கடைக்குப் போனான். இருப்பதிலேயே மலிவானதை எடுத்து, அதையும் பாதியாக்கினான்.

"அண்ணே, இதுக்குக் கழுத்து நட்டு பிளாஸ்டிக்கு. வெயில் பட்டா இளகிடும். இரும்புக் கால் வெச்சு ரெண்டு ஸ்குரு முடுக்கித் தரேன்" என்றான் கடைக்காரன்.

"கேமராவுக்கு எதுக்குய்யா காலு? நடந்து போகப் போகுதா?"

"சுவத்துல நிக்கணும்ல?"

"டப்பாக்குள்ள ஒட்டுற டேப்பு இருக்குல்ல?"

"அது சும்மா பேருக்கு வெக்கறதுண்ணே."

"சரி, புடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்குவியா?"

கடைக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "ஸ்குரு முடுக்காம, கீறல் விழாம ஒரு வாரத்துல கொண்டாந்தா எடுத்துக்கறேன். உங்களுக்கா சொல்லித்தரணும்?"

சொல்லித்தர வேண்டியதில்லைதான். ஒரு கோடைகாலம் முழுவதையும் மேசை விசிறிகளை மாற்றி மாற்றித் திருப்பிக் கொடுத்தே ஓட்டியவன் அவன். சுவரில் துளை போட்டு முடுக்கினால் பொருள் நம்முடையது. ஒட்டி வைத்தால் அது இன்னும் கடைக்காரனுடையது. இந்தக் கணக்கில் அவன் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், கை எட்டும் உயரத்துக்கும் மேலே, டேப்பை அழுத்தி ஒட்டினான். வயரை ஜன்னல் சந்து வழியாக உள்ளே விட்டான். வயரிங் வேலை பார்க்கும் மச்சினன் வந்து அண்ணாந்து பார்த்தான்.

"என்ன மாமா, கழுத்து நிக்காத கொழந்தைய சுவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க?"

"உன் வேலையப் பாரு மாப்ளே."

"டிரில்லு வண்டிலதான் இருக்கு. ரெண்டு ஓட்டை போட்டுட்டுப் போறேனே."

"ஓட்டை போட்டா என் தலையில கட்டிடுவான்."

மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "விடுடா. என்னையே ஒரு வாரம் வெச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடலாம்னுதான் கட்டிக்கிட்டாரு. எங்கப்பா வாங்க மாட்டேன்னுட்டாரு, மாட்டிக்கிட்டாரு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. காலையில் நிமிர்த்துவான், சாயங்காலத்துக்குள் குனிந்துவிடும். ஸ்டூலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு ஏறுவான். கழுத்தைத் திருகுவான், அட்டைத் துண்டை மடித்துச் செருகுவான். ஸ்டூலில் நிற்கும்போதெல்லாம் ஒரு வாடை வரும். மழையில் நனைந்து, துவட்டாமல் விட்டு, மறுபடி நனைந்த முடியின் வாடை. கேமராவுக்கு நேர் கீழே, ஓர் ஆளின் தலை உயரத்தில், சுவரில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு வட்டம் இருந்தது. துணியால் துடைத்தான். மறுநாள் மறுபடி இருந்தது. வெள்ளையடித்தவனின் கூலியைக் குறைத்ததற்கு அவன் சுண்ணாம்பில் காட்டிவிட்ட வேலை என்று நினைத்து, மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டான்.

இன்று மனைவிக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மச்சினன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். பொழுது சாய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சந்தையில் ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் அடுத்த கடைக்காரன் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. நனைந்த சாக்கின் நெடியும் சாக்கடை பொங்கிய நெடியும் காலடியில் ஏற, அரைவிலை தன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

போன் அதிர்ந்தது. வாசலில் ஏதோ அசைகிறது என்று எழுத்து வந்தது.

திறந்து பார்த்தான். சாயம் போன துணி மாதிரி மங்கிய படம். செருப்பு ஸ்டாண்ட். மிதியடி. யாரும் இல்லை. கேமராவின் கழுத்துதான் இளகி, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. படத்தில் தரை மேலே ஏறியது, ஸ்டாண்ட் மேலே ஏறியது. அடி விளிம்பிலிருந்து கறுப்பாக ஒன்று உள்ளே வந்தது.

குடை என்று நினைத்தான். காற்றில் பறந்து வந்து சிக்கிய பிளாஸ்டிக் பை என்று நினைத்தான்.

கழுத்து இன்னும் கொஞ்சம் இறங்கியது.

முடி. சொட்டச் சொட்ட நனைந்த முடி. நடுவில் வெளுத்த கோடாக வகிடு. இரண்டு பக்கமும் காதுகள்.

யாரோ கேமராவுக்கு நேர் கீழே, சுவரில் முதுகையும் பின்தலையையும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கதவுக்கு ஒரு முழம் தள்ளி.

கேட் வழியாக வந்திருந்தால் வாசல் தரையில் கால் வைக்கும்போதாவது கேமராவில் பட்டிருக்கும். படவில்லை. வரவில்லை. அங்கேயே நின்றிருக்கிறது. அந்தப் பிசுக்கு வட்டம் சுண்ணாம்புக் கோளாறு இல்லை. தலை சாய்ந்த இடம். தினம் தினம் சாய்ந்த இடம். கேமரா தினமும் குனிந்து குனிந்து அந்தத் தலையைக் காட்டப் பார்த்தது. அவன் தினமும் ஸ்டூல் போட்டு ஏறி, அதை நிமிர்த்தி, பார்வையைத் தலைக்கு மேலே தூக்கி விட்டான். ஸ்டூல் போட்டதும் அந்த இடத்தில்தான்.

மனைவிக்குப் போன் போட்டான். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. போலீஸுக்குப் போட்டான். எல்லோரும் வேலையாக இருக்கிறார்கள், காத்திருக்கவும் என்று பதிவு செய்த குரல் ஒன்று கெஞ்சியது.

படத்தில் அந்தத் தலை அசையவில்லை. தோளுக்குக் கீழே வலது கை தெரிந்தது. கையில் மரப்பிடி.

திரையின் ஓரத்தில் மைக் படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திப் பேசினால் வாசலில் கேட்கும். வாங்கிய நாளிலிருந்து அவன் அதைத் தொட்டதே இல்லை. இப்போது கட்டை விரலால் அழுத்தினான்.

"யார்ரா அது?"

வாழ்நாளெல்லாம் கூசாமல் பொய் விலை சொன்ன தொண்டை அது. தானாகவே தைரியமாகப் பேசியது.

"நான் இங்கதான்டா இருக்கேன். வீட்டுலதான் இருக்கேன். ஓடிப் போயிடு. வந்தேன்னா உன்ன வகுந்துடுவேன்."

மலிவுச் சரக்கு. படமும் பின்தங்கித்தான் வரும், பேச்சும் பின்தங்கித்தான் போகும். அவன் பேசி முடித்து, மூச்சு விட்டு, மறுமூச்சு இழுத்த பிறகுதான் அவனுடைய குரல் அவனுடைய வாசலில் கரகரத்தது. அந்தத் தலை திடுக்கிடவில்லை. திரும்பவும் இல்லை. காதை மட்டும் கொஞ்சம் கதவுப் பக்கம் சாய்த்தது.

உள்ளே காலடிச் சத்தம்.

"ஏங்க? வந்துட்டீங்களா?" மனைவியின் குரல், காய்ச்சலில் கம்மியிருந்தது. "மழையில நின்னுக்கிட்டு யாரோட சண்டை போடறீங்க? இருங்க, வரேன்."

அவன் மறுபடி பொத்தானை அழுத்தினான்.

"தெறக்காத! நான் இல்ல! நான் கடையில இருக்கேன், தெறக்காத!"

தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு இழுபடும் சத்தம். கூடத்து வெளிச்சம் மிதியடி மேல் விழுந்தது. அவளுடைய கை. கையில் அவனுக்காக எடுத்து வந்த துண்டு.

அப்புறம்தான் அவன் கத்தியது வாசலில் ஒலித்தது. தெறக்காத.

அவள் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். குழப்பம். அவ்வளவுதான்.

சுத்தியல் முதலில் மணிக்கட்டில் விழுந்தது. துண்டு பறந்தது. கதவு சுவரில் மோதியது. டேப் பிய்ந்தது. கேமரா விழுந்து, வயரில் தொங்கி, ஊசலாடியது.

கூரை. அவள் பாதம். கூரை. அவள் முழங்கால், கோணலாக. கூரை. செருப்பு ஸ்டாண்டில் சிவப்பு. கூரை. அவள் விரல்கள் நிலைப்படியைப் பிடித்திருந்தன. கூரை. நிலைப்படியில் விரல்கள் இல்லை.

ஓடினான். ஷட்டரைக் குனிந்து தாண்டியதில் முதுகுத் தோல் கிழிந்தது. முழங்கால் தண்ணீர். விழுந்தான், எழுந்தான். போன் கைக்குள்ளேயே இருந்தது, அதிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. டம். டம். ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. சந்தை முனைவரை கேட்டது. தையல்காரம்மா வீட்டுப் பூட்டிய கதவைத் தாண்டும்வரை கேட்டது. அவன் தெருவுக்குள் திரும்பியதும் நின்றுவிட்டது.

நின்றதுதான் தாங்க முடியவில்லை.

கேட் அவன் பூட்டிய பூட்டோடு அப்படியே இருந்தது. சாவியைத் தேடிக்கொண்டு நிற்கவில்லை. மேலே ஏறிக் குதித்தான். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. கேமரா வயரில் தொங்கியபடி, நூலில் கட்டிய பட்டன் மாதிரி, ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தோளால் தள்ளிவிட்டு உள்ளே போனான்.

கூடத்தில் கிடந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. வாய் இருந்த இடத்தில் வாய் இல்லை. ஆனால் மார்பு ஏறி இறங்கியது. உயிர் இருந்தது.

"இந்தாம்மா. நான்தான். நான்தான் வந்திருக்கேன்." மண்டியிட்டான். போனைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் துண்டைச் சுருட்டி அவள் மண்டையில் அழுத்தினான். சூடாக விரலிடுக்கில் வழிந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம். எவ்வளவு கேட்டாலும் குடுத்துடலாம். என்னப் பாரு. இங்க பாரு."

அவள் அவனைப் பார்க்கவில்லை.

திறந்திருந்த ஒற்றைக் கண் அவன் தோளுக்கு மேலே பார்த்தது. உடையாத கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். பிடித்துக் கீழே இழுத்தாள். தன் மேலே, தரையோடு தரையாக.

நனைந்த முடியின் வாடை.

தரையில் போன் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. அவன் கண் அதில் விழுந்தது. வயர் முறுக்கு அவிழ அவிழ, படமும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. மழை. கேட். சுவர். செருப்பு ஸ்டாண்ட். கதவு நிலை. பிறகு கூடத்து விளக்கு, அதன் கீழே நீட்டிய அவள் கால்கள், அவற்றின் மேல் குனிந்த அவனுடைய முதுகு, சட்டை கிழிந்த இடத்தில் ரத்தக் கீறல்.

அந்த முதுகுக்கும் கேமராவுக்கும் நடுவில், படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, வகிடு எடுத்த தலை ஒன்று.

சுத்தியல் பாதி தூரம் இறங்கியிருந்தது.