அண்ணை போட்ட வயர்

இலண்டன் மாநகரில் எந்த அண்ணையிடமும் அனுமதி கேளாமல் வாழத் துணிந்த முதல் யாழ்ப்பாணத்தான் நிர்மலன்தான். சொன்னவன் நிர்மலன்; ஆகவே இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அவனுக்கு வேலை எடுத்துக் கொடுத்த, நோர்பரியில் இருக்கும் கிருஷ்ணராசா அண்ணையிடம், திரைச்சீலை வாங்குவதற்குக்கூட மனைவி பிறேமினி ஒரு சொல் கேட்பாள். "பல்லுத் தீட்டலாமோ எண்டும் கேளுமன்," என்று நிர்மலன் நக்கலடிப்பான்.

அன்று அவள் அண்ணை வீட்டுக்குப் போயிருந்தாள். மார்கழி மாதம், மாலை நாலுக்கே அவர்கள் குடியிருந்த இல்ஃபோர்ட் இருண்டுவிட்டது. ஜன்னலில் மழை நகத்தால் சுரண்டுவது போல விட்டுவிட்டுச் சத்தமிட்டது. அவன் போட்ட ஹீட்டர் தானாக அணைந்தது. மறுபடி போட்டான். அணைந்தது. ஹீட்டர் உடம்பைக் கெடுக்கும் என்பது அண்ணையின் கொள்கை.

வீட்டின் ஹீட்டரையும் விளக்குகளையும் ஆள்வது படிக்குக் கீழுள்ள அலுமாரியில் இருந்த சேர்வர் கணினி. புதுமனைப் பரிசாக அண்ணை தந்து, அவரே பொருத்தியது. அதற்குள் சின்னச் சிப் ஒன்று உண்டு. சேர்வரை அணைத்தாலும் அது தூங்காது. தூரத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுச் சேர்வரை எழுப்பும். அந்தச் சிப்புக்குத் தனி வயர் போடுவோம் என்று நிர்மலன் அப்போதே சொன்னான்.

"ஏன் தம்பி வீண் வயர்? ரெண்டும் ஒரே போர்ட்டால போகும்."

பாஸ்வேர்டும் அண்ணை வைத்ததுதான். மாற்றினால் மனுசன் என்ன நினைப்பார் என்று நிர்மலன் அதில் கை வைக்கவே இல்லை.

இப்போது லப்டொப்பைத் திறந்து, சிப்புக்குள் லொகின் பண்ணி யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான். அண்ணை. குடிபுகுந்த நாள் உள்ளே வந்தவர் இன்னும் வெளியேறவில்லை. தோளில் கைபோட்டு, "இது இனி உன்ர வீடு தம்பி," என்று சொன்ன அதே நாள்.

சேர்வரை அணைத்தான். எப்போதும் கேட்கும் அதன் விசிறியின் முனகல் மெல்ல இறங்கி ஓய்ந்தபோதுதான், அந்த வீட்டின் மௌனத்தைத் தான் ஒருநாளும் கேட்டதில்லை என்று அவனுக்குப் பட்டது.

அலுமாரிக் கதவின் கீழே நீல வெளிச்சம் கசிந்தது. சேர்வரை அடையாளம் காட்டும் விளக்கு. அதன் பொத்தானை அவன் தொடவில்லை; தூரத்திலிருந்து ஒருவர்தான் எரியவிட்டிருக்க வேண்டும்.

உள்ளே குந்தி, நெட்வேர்க் வயரைப் பிடுங்கினான். அந்த ஒரே வயரை.

நீலம் எரிந்தது.

பிறேமினிக்குப் போன் எடுத்தான். "அண்ணை என்ன செய்யிறார்?"

"எனக்கு முன்னால இருந்து புட்டுக் குழைக்கிறார். ஏனப்பா?"

"கையில போன் ஏதும்?"

"கையெல்லாம் மீன்குழம்பு. போன் மேல சார்ஜில கிடக்கு."

பின்னால் அண்ணையின் சிரிப்பு. நிதானமான, சாப்பாட்டுச் சிரிப்பு.

"நீல லைட் எரியுதோ எண்டு கேக்கிறார்," என்றாள் பிறேமினி. "என்ன லைட்டப்பா?"

அவன் போனைக் காதோடு அழுத்தினான்.

"அலுமாரிக்குள்ள கனநேரம் குந்தியிருக்க வேண்டாமாம். முழங்கால் பிடிக்குமாம்."

போனை வைத்தான். மின்வயரைப் பிடித்து இழுத்தான். கழன்று வந்தது. பிளக் கையில். சுவரில் வெறும் துளைகள்.

நீலம்.

அலுமாரிக் கதவு பாதி திறந்தே இருந்தது. பூட்டு இல்லை. நடைவழி தெரிந்தது, அவனுடைய சப்பாத்துத் தெரிந்தது. எழும்பி நடந்தால் நாலு எட்டு. கால் எழும்பவில்லை.

"அண்ணை," என்றான். குரல் அவனுக்கே மட்டுமட்டாகக் கேட்டது. "வெளியில வரலாமோ?"

விளக்கு அணைந்தது.

இருட்டில், வயர் ஒன்றுமில்லாத விசிறி மெதுவாகச் சுழலத் தொடங்கியது. முகத்தில் இளஞ்சூடாய் மூச்சுப் பட்டது. மீன்குழம்பு மணத்தது.