தேய்ந்துபோன ரேகை

துருவியின் தம்பிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மருந்துக் கடையில் கடன் தரமாட்டேன் என்று கையை விரித்துவிட்டார்கள். காசு இல்லாமல் இல்லை. அம்மாவின் வங்கிக் கணக்கில் இருந்தது. கைக்குத்தான் வரமாட்டேன் என்றது.

அம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்ப்பவள். முன்பெல்லாம் கூலியைக் கையில் கொடுப்பார்கள். இப்போது கணக்கில் போட்டுவிடுகிறார்கள். வங்கிக்கு இரண்டு பஸ் மாறிப் போனால் அன்றைய கூலி அம்போ. அதனால் தெருமுனை மளிகைக் கடைக்காரர் வைத்திருக்கும் மெஷினில் பெருவிரலை வைத்துத்தான் பணம் எடுப்பாள்.

அந்த மெஷின் இன்று அம்மாவை யாரோ எவரோ என்று பார்த்தது.

"ரேகை விழலக்கா. பாங்க்குக்கே போயிடுங்க," என்றார் கடைக்காரர்.

"நான் போறதுக்குள்ள மூடிடுவாங்க. நாளைக்கு லீவு. பையன் மூச்சு விட முடியாம கிடக்கான்ப்பா."

அம்மா குழாயடிக்கு ஓடினாள். கம்பி நாரால் பெருவிரலைப் பரபரவென்று தேய்த்தாள். தோல் சிவந்ததுதான் மிச்சம். மெஷினில் மறுபடியும் சிவப்பு விளக்கு.

"இன்னும் ஒரு தடவைதான்க்கா. அதுவும் தப்பினா இன்னிக்குப் பூட்டிக்கும்."

அம்மா திரும்பவும் குழாயடிக்குக் கிளம்பினாள். கூட வந்திருந்த துருவி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்கு வீட்டில் துருவி என்றே பெயர்.

"தேய்க்காதம்மா."

"அழுக்கு போக வேணாமாடி?"

"அழுக்கு எங்கம்மா இருக்கு? ரேகையே போயிடுச்சு."

துருவி அம்மாவின் கைகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். பெருவிரல் மொழுமொழுவென்று இருந்தது. அடுத்த விரலும் அப்படியே. தினமும் தலை வாரிவிடும் கை. இதுவரை அவள் கவனித்ததே இல்லை.

இடது கைச் சுண்டு விரலில் மட்டும் கோடுகள் சுருள் சுருளாக ஓடின. பாத்திரம் தேய்க்கும்போது அம்மா அந்த விரலை ஒதுக்கி வைத்துக்கொள்வாள்.

"மாமா, பெருவிரல்தான் வெக்கணுமா?"

"ஆதார்ல பத்து விரலும் பதிஞ்சுதான் இருக்கு. எல்லாரும் பெருவிரலத்தான் வெப்பாங்க."

"அத ஏன் எங்கம்மாகிட்ட சொல்லல?"

"யாரும் கேக்கல பாப்பா," என்று கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

துருவி தன் பாவாடையால் சுண்டு விரலை ஈரம் போகத் துடைத்தாள். துருவியே விரலைப் பிடித்து மெஷினில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

மருந்து உள்ளே போனதும் தம்பியின் இழுப்பு மெல்ல மெல்ல அடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா வேலைக்குக் கிளம்பினாள். சாயங்காலப் பாத்திரங்கள் மலைபோலக் குவிந்திருக்கும்.

"கொஞ்சம் இரும்மா," என்றாள் துருவி. பழைய துணியைக் கிழித்து, அந்தச் சுண்டு விரலைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினாள்.

"காயம் ஒண்ணும் இல்லையேடி. இது எதுக்கு?"

"மத்த விரலெல்லாம் உங்க முதலாளிக்கு வேலை செய்யட்டும். இது நம்மளோடது."