முன்னால் வராதவர்

காகித ஆலைக்குப் போகும் ஏரிக்கரைச் சாலையில் விடியற்காலையில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான் தெரியும், அந்தக் காற்று கையும் காலும் உள்ள ஒரு முரடன் என்று. கரை தொடங்கும் இடத்தில் நெஞ்சில் கை வைத்துத் தள்ள ஆரம்பிப்பான். ஆலையின் புகைபோக்கி தென்படும் கடைசி வளைவு வரை விடமாட்டான். மிதிக்க மிதிக்கச் சைக்கிள் பின்னாலேயே நகர்ந்து, கடைசியில் தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றவர்கள் உண்டு. மீசையைக் காற்றில் பறிகொடுத்த ஒருவர் பாய்லர் பிரிவில் இருந்தார்.

அதனால் ஆலைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கரைமேல் யாரும் தனியாகப் போவதில்லை. ஒருவர் சக்கரத்தை ஒருவர் ஒட்டியபடி வரிசையாகப் போவார்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவர்களுக்கு அவர் முதுகே சுவர். முன்னவருக்கு மூச்சு முட்டினால் வலது முழங்கையை ஆட்டுவார். உடனே பின்னவர் முன்னேறி வந்து காற்றைத் தன்மேல் வாங்க வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேட்டியோ கால்சட்டையோ, ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் நடமாடும் மனுசனுக்குத் தானாகவே புரிகிற விஷயம்.

நம் ஸ்டோர்கீப்பருக்கு மட்டும் புரியவில்லை.

அவருக்கு முழங்கை என்ற உறுப்பே கண்ணுக்குத் தெரியாது. முன்னவர் கோழி சிறகடிப்பதுபோல் ஆட்டினாலும், இவர் ஏரியில் கொக்கு எத்தனை அழகு என்று பார்த்துக்கொண்டு வருவார். கட்டாயப்படுத்தினால் செயின் கழன்றுவிடும். அவருடைய செயின்போல் சொன்ன பேச்சைக் கேட்கும் செயினை உலகம் கண்டதில்லை. ஒட்டுப்புல் என்று பெயர் வைத்திருந்தார்கள். தெரிந்தும் அவர் கவலைப்பட்டதில்லை. முன்னால் போகிறவர்களை அவர் மனசுக்குள் இழுவை மாடுகள் என்பார். பேருந்தில் வருகிறவர்கள் மூட்டைகள். மோட்டார் சைக்கிள்காரர்கள் கால் இருந்தும் முடவர்கள். ஸ்டோரில் போய்க் கையுறை கேட்டால், இடது கைக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பார். அது தேய்ந்ததைக் காட்டினால்தான் வலது கைக்கு. அப்படி ஒரு பிறவி.

இந்த மகானுக்குச் சுவராக இருந்தவர் பேக்கிங் பிரிவுக் கிராம்பு அண்ணன். பல்வலிக்காக எந்நேரமும் கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார். அவர் பேசினாலும் இருமினாலும், சும்மா மூச்சு விட்டாலும் கிராம்பு வாசனைதான். அவர் சைக்கிளின் செயின் மூடி ஆடிப்போயிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் 'கிறீச்... டக்' என்று ஒரு சத்தம். முதுகு மட்டும் கதவுபோல் அகலம். ஒட்டுப்புல்லுக்கு அந்த மனிதரிடம் பிடித்தது அந்த முதுகு ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், மற்றவர்கள் கிளம்பத் தாமதமாகிவிட, கரைமேல் இவர்கள் இருவர் மட்டும். காற்று வழக்கத்தைவிட வெறியில் இருந்தது. பாதி வழியில் கிராம்பு அண்ணன் முழங்கையை ஆட்டினார். ஒட்டுப்புல் கொக்கு பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் முன்னால வாங்களேன். மூச்சு வாங்குது."

"இதோ வர்றேண்ணே."

வரவில்லை.

"தம்பி... நெஞ்சு அடைக்குது."

"இதோ வந்துட்டேண்ணே. நீங்க மிதிங்க, செயினை ஒரு தடவை பாத்துக்கிறேன்."

கடைசி வளைவில் அந்தக் கதவு முதுகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. விழுந்த மனிதர் எழவில்லை. ஒட்டுப்புல்லுக்கு முதலில் வந்தது எரிச்சல். விழுகிறவர் ஓரமாக விழக் கூடாதா, சைக்கிளையும் குறுக்கே போட்டுவிட்டாரே! சங்கு ஊதப்போகிறது. தன் சர்வீசில் ஒருநாள்கூடத் தாமதமாகக் கையெழுத்துப் போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. ஹாண்டிலை மெல்லத் திருப்பி, விழுந்தவரைச் சுற்றிக்கொண்டு, சரியான நேரத்துக்கு ஆலைக்குள் போய்விட்டார். பின்னால் வந்த கூட்டம்தான் கிராம்பு அண்ணனைத் தூக்கியது. தூக்கும்போது உடம்பு ஆறிப்போயிருந்தது.

இழவு வீட்டில் ஒட்டுப்புல்தான் எல்லோரையும்விடச் சத்தமாக மூக்கைச் சிந்தினார். "நான் மட்டும் பக்கத்துல இருந்திருந்தா கீழ விழ விட்டிருப்பேனா!" என்றார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அவருடைய கைக்குட்டை மட்டும் காய்ந்தே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் தன் மச்சினன் முதுகுக்கு மாறிக்கொண்டார். பெண்டாட்டியின் தம்பி, அதே ஆலையில் மோட்டார் மெக்கானிக். நல்ல பிள்ளை, அதனாலேயே ஒட்டுப்புல் அவனை மண்ணாந்தை என்பார்.

மச்சினன் விடுப்பில் இருந்த ஒரு பனிக்காலக் காலை. வேறு யாரும் கண்ணில் படாததால், ஒட்டுப்புல் திட்டிக்கொண்டே தனியாகக் கரை ஏறினார். மூடுபனி பஞ்சுமூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல் கிடந்தது. தன் முன்சக்கரமே அவருக்கு வெளியூர்க்காரர்போல் மங்கலாகத் தெரிந்தது. ஏரி சத்தமில்லாமல் இருந்தது. தவளைகள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தன.

காற்று மட்டும் வந்தது. பனியைக் கலைக்காமல், அவர் நெஞ்சை மட்டும் தேடி வந்தது.

இரண்டு மிதி மிதித்திருப்பார்.

கிறீச்... டக்.

பின்னாலிருந்து.

யாரோ வருகிறான், நல்லதாகப் போயிற்று, முன்னால் விட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்றுதான் அந்த மனசு முதலில் கணக்குப் போட்டது. பேயே வந்தாலும் அதன் முதுகு எத்தனை அகலம் என்று பார்க்கும் ஜென்மம். வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்ததும் குறைந்தது. ஓரமாக ஒதுங்கினார். அதுவும் ஒதுங்கியது. திரும்பிப் பார்த்தார். பனி; பனிக்குள் பனி.

முன்னால் திரும்பியதும், பிடரியில் ஒரு மூச்சுப் பட்டது.

சூடாக இல்லை.

கிராம்பு மணத்தது.

அன்றைக்கு ஒட்டுப்புல் மிதித்த மிதியில் சைக்கிள் தரையில் ஓடியதா, ஏரிமேல் ஓடியதா என்று கொக்குகளுக்கே குழப்பம். ஆனால் அவர் நெஞ்சு மட்டும் எட்டு நெல் மூட்டையை இழுப்பதுபோல் கனத்தது. சங்குக்கு நெடுநேரம் கழித்துத்தான் உள்ளே விழுந்தார். சர்வீசில் முதல் தாமதம். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆலை மருத்துவர் குழலை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"சார், இதயம் ரொம்பக் களைச்சுப் போயிருக்கு. யாரையாவது முன்னால விட்டு மெதுவா பின்னால வாங்க. இப்படியே போனா ஒருநாள் வழியிலயே நின்னுடும்."

யாரிடம் எதைச் சொல்கிறார் பாருங்கள்! வாழ்நாள் முழுக்க ஒட்டுப்புல் பின்பற்றிய ஒரே கொள்கை அது.

மறுநாள் மச்சினன் வந்துவிட்டான். ஒட்டுப்புல் அவன் பின்னால் போய்ப் பசையாக ஒட்டினார். பின்சக்கரத்துக்கும் இவருக்கும் நடுவே ஒரு வெற்றிலையைச் செருக முடியாது.

காற்று நிற்கவில்லை.

மச்சினனின் சட்டை அசையாமல் கிடந்தது. அவன் தலைமுடி படிந்தபடியே இருந்தது. காற்று அவனைத் தொடாமல் வளைந்து வந்து, இவர் முகத்தில் மட்டும் அறைந்தது. கண்ணில் நீர் தள்ளியது. கால் இரும்பாகியது.

கிறீச்... டக்.

"மாப்ள..." என்றார் ஒட்டுப்புல். குரல் எலிக்குஞ்சு குரலாக வந்தது. "இன்னும் கொஞ்சம் காத்தை மறைச்சுப் போடா."

"காத்தா? என்ன மாமா சொல்றீங்க? இலை அசையல." அவன் சிரித்தபடி திரும்பிப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன் மாமா, நீங்க எதுக்குக் கஷ்டப்படுறீங்க? உங்க பின்னால வர்றவரை முன்னால விடுங்களேன். நல்ல வாட்டசாட்டமா இருக்காரே."

ஒட்டுப்புல் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

"யாரு... யாருடா?"

"பனியில முகம் தெரியல. ஆனா எங்கயோ பாத்த ஆளு. எப்பவும் பாத்த ஆளு." அவன் குரல் தாழ்ந்தது. "மாமா, அவரு மிதிக்கிற மாதிரியே தெரியலையே. நீங்க இழுத்துட்டு வர்ற மாதிரி இருக்கு."

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் கும்பிட்டிருப்பான், கதறியிருப்பான், செய்ததைச் சொல்லி அழுதிருப்பான். நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா?

"மாப்ள, நீ என் பின்னால வா," என்றார் குழைவாக. "எனக்கும் அவருக்கும் நடுவுல வந்துடு."

பேயைப் பெண்டாட்டியின் தம்பி தலையில் கட்டிவிடப் பார்த்தார்! உயிர் போகிற நேரத்திலும் அந்த மூளைக்கு வேலை ஓயவில்லை. மண்ணாந்தை மச்சினனும், மாமாவுக்கு உதவி என்று நினைத்து வேகத்தைக் குறைத்துப் பின்னால் வந்தான். வந்தவன் வந்த வேகத்திலேயே மறுபடி முன்னால் போய்விட்டான்.

"இடமே இல்ல மாமா," என்றான். "உங்க முதுகோட ஒட்டிட்டு வர்றாரு."

கிறீச்... டக்.

கிறீச்... டக்.

கடைசி வளைவு. புகைபோக்கியின் சிவப்பு விளக்கு பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. ஒட்டுப்புல்லின் நெஞ்சுக்குள் யாரோ ஆணியைத் திருகினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய வலது முழங்கை தானாக உயர்ந்தது. ஆட்டினார். பதறிப் பதறி ஆட்டினார்.

"அண்ணே... முன்னால வாங்கண்ணே. முடியலண்ணே. நெஞ்சு அடைக்குது."

காதோரம் கிராம்பு மணத்தது. குரல் கிசுகிசுப்பாக, மிகவும் மரியாதையாக வந்தது.

"இதோ வர்றேன் தம்பி."

வரவில்லை.

வளைவில், அதே இடத்தில், ஒட்டுப்புல் சாய்ந்தார். கன்னம் ஈரமண்ணில் அழுந்தியது. மேலே சைக்கிள் கிடந்தது. முன்னால் போன மச்சினன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வரும் காலடி எங்கோ தூரத்தில் கேட்டது. அதற்கு முன்பே, மிக அருகில் இன்னொரு சத்தம். ஒரு சக்கரம் மெல்ல உருண்டு வந்தது. இப்போது தன்னைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்று ஒட்டுப்புல் காத்திருந்தார். தன்னைப் போலவே அதுவும் போய்விடட்டும் என்று, அதுவரை கும்பிடாத சாமிகளை எல்லாம் கும்பிட்டார்.

அது சுற்றிக்கொண்டு போகவில்லை.

நின்றது.

"எந்திரிங்க தம்பி," என்றது குரல், பொறுமையாக. "நான் இருக்கேன். மெதுவா எந்திரிங்க."

ஒட்டுப்புல் பிழைத்துக்கொண்டார். அதுதான் அவருக்குக் கிடைத்ததிலேயே பெரிய தண்டனை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சைக்கிளை விற்றார். மூட்டைகளோடு மூட்டையாகப் பேருந்தில் ஏறினார். கரை ஏறியதும் ஓட்டுநர் கியரை மாற்றி மாற்றிப் பார்த்துத் திட்டினார். "என்ன எழவோ, இவரு ஏறுற நாள்ல மட்டும் வண்டி இழுக்க மாட்டேங்குது. பின்னால எவனோ புடிச்சுத் தொங்குற மாதிரி இருக்கு." ஒட்டுப்புல்லுக்குப் பின் இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆள் இருக்கிறதே என்பார்கள்.

கடைசியில் வேலையையே விட்டார். காற்று நுழையாதபடி ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, சுவரில் முதுகைப் பதித்து உட்கார்ந்துகொண்டார். பின்னால் சுவர் இருந்தால் வேறு எது இருக்க முடியும் என்பது அவர் கணிப்பு. கெட்டிக்காரர் அல்லவா.

ஒருநாள் மத்தியானம், மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டியது. பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"அடியே, கொஞ்சம் வந்து கையைப் புடி. ஏற முடியல."

மேலே கொடியில் துணி உதறும் சத்தம் நின்றது. அவள் படிக்கட்டின் தலைமாட்டில் வந்து எட்டிப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலே, இரண்டு படி கீழே, எதையோ பார்த்தாள். பிறகு கையில் இருந்த ஈரத்துணியை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"நான் இன்னும் பதிலே சொல்லலையே," என்றாள் மெதுவாக. "அப்புறம் யாருங்க அது, 'இதோ வர்றேன் தம்பி'ன்னு சொன்னது?"