நாலாவது காவல்காரன்

மலாயாவில் பாடாங் செராய்க்குப் பக்கத்துத் தோட்டத்தில் காவல் குடிசை எரிந்து அடங்கியபோது காலை ஏழு மணி. சாம்பலுக்கு வெளியே நான்கு உடல்களைக் கிடத்தியிருந்தார்கள். நான்கு கைகளிலும் ஜிக்கேடான் பட்டை. தோட்டத்து ஆட்களையே பிடித்து ஜப்பான்காரன் கட்டாயமாக அமைத்த ஊர்க்காவல் படை அது. ஆளுக்கு ஒரு மூங்கில் ஈட்டி கொடுத்திருந்தான். இரவு மலையிலிருந்து இறங்கி வந்த ஜப்பான் எதிர்ப்புப் படையினரிடம் துப்பாக்கி இருந்தது.

சுங்கை பட்டாணியிலிருந்து வந்த துப்பறியும் சார்ஜன்ட் பரஞ்சோதிக்கு ஒரே வேலைதான். எத்தனை காவல்காரர்கள் செத்தார்கள் என்று பத்து மணிக்குள் ஜப்பானியக் கேப்டனிடம் சொல்ல வேண்டும். சுட்டது யார் என்று கேப்டன் கேட்கவே இல்லை. செத்த ஒரு காவல்காரனுக்கு தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பத்துப் பேர் சயாம் ரயில் பாதைக்குப் போக வேண்டும் என்பது உத்தரவு. அந்த 1943ஆம் ஆண்டில், சயாமுக்குப் போய்த் திரும்பிய ஒருவரையும் இந்தத் தோட்டம் பார்த்ததில்லை. லோரி வந்து நின்றுவிட்டது.

பரஞ்சோதி வெள்ளைக்காரன் காலத்திலும் இதே வேலையில்தான் இருந்தார். தொப்பி மட்டும் மாறியது. அதை நினைத்தாலே அவருக்குக் கூசும்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தர்மலிங்கம் உடல்களைக் காட்டினார்.

"மூணு பேருக்குக் குண்டுக் காயம் சார். இவன் பிச்சை. முகம் கருகிப்போச்சு. பட்டைய வச்சுத்தான் அடையாளம்."

"இவனுக்குக் குண்டு எங்கே?"

"இல்ல சார். புகையில மூச்சடைச்சிருக்கும் லா."

"வாயில என்ன?"

"அரிசி. எங்கேயோ திருடித் தின்னுருக்கான், பாவம். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்னுது."

பரஞ்சோதி குந்தி உட்கார்ந்தார். நாக்கின் மேல் பச்சரிசி முழுசாகக் கிடந்தது. ஒரு மணியில்கூடப் பல் படவில்லை. காதுக்குள்ளும் பின்னந்தலை முடியிலும் சிவப்புக் களிமண் ஒட்டியிருந்தது. குடிசையைச் சுற்றி இருந்ததோ வெறும் மணல்.

"நேத்து தோட்டத்துல வேற சாவு உண்டா?"

"பக்கிரிசாமி. மலேரியா. பொழுது சாயப் புதைச்சாங்க. அவன் பொண்டாட்டி நவமணி, இந்தப் பிச்சைக்கு அக்கா. ஒரே நாள்ல புருசனும் போயி தம்பியும் போயிட்டான். அவளுக்கு வேற நாதி இல்ல சார்."

பரஞ்சோதி ஆற்றங்கரை இடுகாட்டுக்கு நடந்தார். அங்கே சிவப்புக் களிமண். பக்கிரிசாமியின் குழி மேட்டில் ஒரு குச்சியைக் குத்தினார். அது தடையில்லாமல் அடிவரை இறங்கியது.

நவமணி லயத்து வீட்டில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உன் புருசனுக்கு வாய்க்கரிசி போட்டது யாரும்மா?"

"நான்தாங்கய்யா. வேற ஆளு ஏது?"

"இந்தப் பஞ்சத்துல அரிசி ஏது?"

"ஒரு கைப்பிடி ஒளிச்சு வச்சிருந்தேன். எந்திரிச்சு உக்காந்ததும் கஞ்சி வச்சுத் தரலாம்னு. அவரு எந்திரிக்கவே இல்ல."

பரஞ்சோதிக்கு மேலே பேச மனமில்லை. ஆனாலும் பேசினார்.

"அங்க பிச்சைன்னு கிடக்கறது பக்கிரிசாமி. உசுரோட இருக்கறவன் பசியில அரிசி தின்னா மெல்லுவான். இது மெல்லாத அரிசி, செத்தவன் வாயில போட்டது. டிரஸ்ஸரும் நம்ம ஆளுதான். திருட்டுன்னு நினைச்சதால வாய்க்கரிசி அவருக்குத் தோணல. குழியும் காலியா இருக்கு. தோண்டி எடுத்தது பிச்சை. எடுத்துக்கன்னு சொன்னது நீ."

அவள் மறுக்கவில்லை. "ராத்திரி வந்து கதவைத் தட்டினான்யா. மூணு பேரு செத்து இவன் மட்டும் தப்பிச்சா, மலைக்காரங்களுக்கு வழி காட்டினது இவன்தான்னு தலைய வெட்டுவாங்களே. போனவரு போயிட்டாரு, இவனாவது இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். பட்டையக் கழட்டி அவரு கையில கட்டினதும் நான்தான். அவரை எரியற குடிசையில போட்டுட்டு தம்பி காட்டுக்குள்ள ஓடிட்டான்."

"நாலு பேருன்னு நான் சொன்னா நாப்பது பேரு லோரியில ஏறணும். மூணுன்னா முப்பது."

நவமணிக்கு அது தெரிந்திருக்கவில்லை. வாசலுக்கு வந்து லயத்தின் நீளத்தையும் பார்த்தாள். யார் அந்தப் பத்துப் பேர் என்று தேடுகிறவள் மாதிரி ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள்.

"மூணுன்னே சொல்லுங்க."

"பிச்சை எங்கேன்னு கேட்பானே."

"அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

பத்து மணி. பரஞ்சோதி கேப்டனிடம் மலாயில் சொன்னார்: செத்த காவல்காரர்கள் மூன்று பேர். நாலாவது உடல் காய்ச்சலில் செத்த தொழிலாளி.

பட்டையைக் கட்டியது யார் என்று கேப்டன் கேட்டான். நவமணி முன்னால் வந்தாள்.

"நான் கட்டினேன். காவல்காரன் செத்தா குடும்பத்துக்கு அரிசி தருவாங்கன்னு சொன்னாங்க. பசி. தம்பிய மலைக்காரங்க இழுத்துட்டுப் போயிட்டாங்க."

பரஞ்சோதி அதை அப்படியே மலாயில் சொன்னார். பாதி பொய் என்று தெரிந்தும், தன் பங்குக்கு ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. கேப்டன் அவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டு லோரியைக் காட்டினான்.

ஏறும்போது அவள் திரும்பினாள். "அண்ணே, அவரைத் திரும்பப் புதைச்சிருவீங்களா?"

"புதைக்கிறேன்மா."

மத்தியானம் பரஞ்சோதி மண்வெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று வெட்டும்போது தோன்றியது. உடனே லோரியில் ஏறாமல் தப்பிய பத்துப் பேரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்காகச் சந்தோஷப்படலாம் என்றால் அதுவும் முடியவில்லை. அவர் மனம் விட்டு அழுதார்.

சாயங்காலம் சுங்கை பட்டாணிக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். காவல் படையில் சாவு மூன்று. சரியாகத் தெரியுமா என்று அந்தப் பக்கத்தில் கேட்டார்கள். சரியாகத் தெரியும் என்றார். லோரியில் போன முப்பத்தொரு பேரைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.